காட்டுக்குள் ஓர் இரவு வேண்டுமா?

(பத்தாம் வகுப்பு மாணவியர் சிலர்)



இக்காலத்தில் தொலைக்காட்சியிலும் வார இதழ்களிலும் ஒரு புதிய ஆசையை நமக்குக் காட்டுகிறார்கள். அடர்ந்த மழைக்காட்டின் நடுவே ஒரு மரக்குடில். கூரையில் சூரிய ஒளியால் எரியும் விளக்கு. காலையில் ஜன்னலைத் திறந்தால் குரங்கு ஒன்று எட்டிப் பார்க்கிறது. இதற்குச் சூழல் விடுதி என்று பெயர். காட்டைக் கெடுக்காமல் காட்டிலேயே தங்கலாமாம். 2002-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சூழல் சுற்றுலாவுக்குரிய ஆண்டாகவே அறிவித்தது. நமக்கு அண்மையில், இலங்கையிலுள்ள சிங்கராஜ மழைக்காட்டை ஒட்டி, பழைய கப்பல் சரக்குப் பெட்டிகளையே அறைகளாக மாற்றி ஒரு விடுதி அமைத்திருக்கிறார்கள். செங்கல்லும் சிமென்ட்டும் குறைவு என்பதால் அதைப் பலர் பாராட்டுகிறார்கள்.

நம் கடலூர் மாவட்டத்தில் மழைக்காடு இல்லை. ஆனால் சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் சென்றால் பிச்சாவரம் இருக்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, ஆறும் கடலும் கலக்கும் இடத்தில், ஏறத்தாழ 1100 ஹெக்டேர் பரப்பில் நிற்கும் அலையாத்திக் காடு அது. இவ்வாண்டு கல்விச் சுற்றுலாவாக அங்கே சென்று திரும்பியதும் எங்கள் வகுப்பில் ஒரு பெரிய விவாதம் மூண்டது. "பிச்சாவரத்திலும் தண்ணீருக்கு நடுவே அப்படிக் குடில்கள் கட்டினால் என்ன? ஓர் இரவு தங்கினால் எவ்வளவு இன்பமாக இருக்கும்!" என்றனர் தோழியரில் பாதிக்கு மேற்பட்டோர். வேண்டாம் என்று சொன்ன சிறுபான்மைக் கட்சி நாங்கள். வகுப்பில் மணி அடித்துவிட்டதால் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுத ஸிஸ்டர் அனுமதித்தார்கள்.

முதலில் அந்தக் காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் ஏறி, துடுப்புப் படகில் குறுகலான கால்வாய்களுக்குள் நுழைந்ததும் பேச்சு தானாக அடங்கிவிடுகிறது. சுரபுன்னை மரங்கள் பல கால்களை ஊன்றி நிற்பவைபோல் வேர்களைத் தண்ணீருக்குள் இறக்கியிருக்கின்றன. வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில்களை நட்டு வைத்தாற்போல் வேர்கள் மேல்நோக்கி நிற்கின்றன. சேற்றில் காற்று இல்லாததால் அவை வெளியே தலைநீட்டி மூச்சு வாங்குகின்றன. வெண்கண்டலின் இலை உப்பை வெளியேற்றுகிறது. நாவில் வைத்துப் பார்த்தோம், கரிக்கிறது. சுரபுன்னையின் விதையோ தாய்மரத்திலிருக்கும்போதே முளைத்து, பிறகுதான் நீரில் விழுகிறது. படகோட்டும் அண்ணன் 1975-இல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தின் காட்சிகளை இங்கே எடுத்தார்கள் என்று பெருமையோடு கூறினார். எங்கள் டீச்சருக்கு அந்தச் செய்தியில்தான் மிகுந்த மகிழ்ச்சி!

இக்காட்டில் தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்தின் பழம்பெயரே தில்லை. நடராஜர் ஆலயத்தின் ஸ்தல விருட்சம் இதுதான். ஒரு நகரத்திற்கே பெயர் கொடுத்த மரத்தைக் காண இன்று அந்நகரத்தார் பிச்சாவரத்திற்கு வரவேண்டியிருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே சிறிது காலம் போய்விடும் என்பதால் கிளையைத் தொடாதீர்கள் என்று அண்ணன் பலமுறை எச்சரித்தார்.

இனி எங்கள் வாதத்திற்கு வருவோம். காட்டுக்குள் ஒரு குடில் என்றால் அதோடு ஒரு கழிப்பறையும் வரும். விளம்பரப் படங்களில் ஜன்னல் தெரிகிறது, குரங்கு தெரிகிறது, கழிப்பறைக் குழாய் எங்கே போகிறது என்று தெரிவதில்லை. மேட்டு நிலத்தில் குழி வெட்டினால் மண் கழிவு நீரை வடிகட்டும். பிச்சாவரத்தில் நாள்தோறும் கடல்நீர் ஏறி இறங்குகிறது. எங்கே தோண்டினாலும் தண்ணீர். அங்கே வெட்டும் குழி கால்வாயிலேயே கலந்துவிடும். அதே கால்வாயில்தான் இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் வளர்கின்றன. அவை பெரிதாகிக் கடலுக்குப் போனால்தான் பரங்கிப்பேட்டையிலும் கடலூர் முதுநகரிலும் சந்தைக்கு மீன் வரும். குடிநீரோ உப்பங்கழியில் கிடைக்காது; கரையிலிருந்து படகில் ஏற்றிவர வேண்டும். கொக்கும் நாரையும் அடையும் மரங்களுக்குப் பக்கத்தில் இரவெல்லாம் விளக்கு எரிய வேண்டும். சூரிய விளக்காக இருந்தாலும் பறவைக்கு வெளிச்சம் வெளிச்சம்தானே?

எங்கள் தோழி ஒருத்தி கோடை விடுமுறையில் மலைப்பகுதியில் ஒரு விடுதியில் குடும்பத்தோடு தங்கினாள். பெயர்ப் பலகையில் பச்சை இலை வரைந்து 'இயற்கையோடு இணைந்த இல்லம்' என்று எழுதியிருந்ததாம். பின்புறம் சென்றால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டில்கள் சரிவில் குவிந்து கிடந்தன. பலகையில் இலை வரைவதற்குப் பத்து ரூபாய் பச்சைச் சாயம் போதும் என்று அவள் சொன்னபோது வகுப்பே சிரித்தது.

நீலகிரியில் முதுமலையை ஒட்டிய சீகூர் பீடபூமியில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழியிலே தங்கும் விடுதிகள் எழுந்தன. வந்தவர்கள் எல்லோரும் வனவிலங்குகளை நேசித்தவர்கள்தாம். யானையைப் பார்க்கத்தான் வந்தார்கள். ஆனால் வேலியும் கட்டடமும் யானையின் வழியை மறித்தன. வழக்கு உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்று, யானை வழித்தடம் காக்கப்பட வேண்டும் என்று 2020 அக்டோபரில் தீர்ப்பாயிற்று. நேசிப்பவர்கள் மிகுந்து போனாலும் காட்டுக்கு ஆபத்துதான் போலும்.

பிச்சாவரத்திற்கும் ஒரு பழைய கதை உண்டு. இதை எங்களில் பலர் அறிந்திருக்கவில்லை. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970-கள் வரை அக்காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து மொட்டையாக வெட்டினார்கள். அதற்குக் கூப்பு முறை என்று பெயர். மரம் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமிழ்ந்து நடுவில் தொட்டிபோல் பள்ளமாயிற்று. ஏறிய கடல்நீர் இறங்க வழியின்றித் தேங்கியது, உப்பு மிகுந்தது, புதுச் செடி முளைக்கவில்லை. ஆனால் பழி யார்மேல் விழுந்தது தெரியுமா? விறகு பொறுக்கிய, மாடு மேய்த்த கிராமத்தார் மேல்! எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார்தாம் உண்மைக் காரணத்தை எடுத்துக் காட்டினார்கள். 1990-களில் வனத்துறையும் அவர்களும் கிராம மக்களும் சேர்ந்து, மீன் முள்ளைப்போல் கிளைக் கால்வாய்களை வெட்டி, தேங்கிய நீர் வந்து போக வழி செய்து, கண்டல் கன்றுகளை நட்டார்கள். பாழான இடங்கள் மீண்டும் பச்சையாயின. 2022-இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலம் என்ற உலகத் தகுதியைப் பெற்றது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் அப்போது பிறக்கவில்லை. தேவனாம்பட்டினத்தில் அலை வந்து போனதை எங்கள் அம்மாமார் இன்றும் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறார்கள். ஆழிப்பேரலையில் நம் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிச்சாவரக் காட்டின் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தார் அக்கரையோரத்தின் 18 குப்பங்களை ஆராய்ந்து, மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்தன என்று எழுதினர். கரையிலிருந்து தொலைவும் நிலத்தின் மேடும்கூடக் காரணம் என்று வேறு சில அறிஞர்கள் வாதிட்டனர். அது அறிஞர்களின் வழக்கு. கிள்ளைப் பக்கத்து மக்களிடம் கேட்டால், எங்கள் உயிரைக் காத்தது காடுதான் என்பார்கள். அப்படிப்பட்ட காட்டில் நாற்பது குடில் கட்ட எத்தனை மரம் வெட்டலாம் என்று யார் கணக்குப் போடுவது?

எதிர்க்கட்சித் தோழியரின் வாதத்தில் நியாயமே இல்லை என்று கூற மாட்டோம். "பார்க்காத காட்டை யார் காப்பார்கள்? பிரயாணிகள் வந்தால்தானே ஏழைகளுக்குப் பிழைப்பு?" என்றார்கள். பிழைப்பு என்ற சொல்தான் எங்களையும் வெகுநேரம் யோசிக்க வைத்தது. பிச்சாவரத்தில் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. பெண்களும் ஆண்களும் கழுத்தளவு நீரில் இறங்கி, ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடிக்கிறார்கள். காட்டின் ஒவ்வொரு கால்வாயும் அவர்களுக்கு நம் வீட்டு நடைபாதை மாதிரி. வெளியூர்ச் செல்வர் ஒருவர் விடுதி கட்டினால் அவர்களுக்கு என்ன வேலை கிடைக்கும்? துணி வெளுப்பதும் தோட்டம் கூட்டுவதும்தான். பிறகு 'விருந்தினர் பகுதி, இங்கே இறால் பிடிக்காதே' என்று ஒரு பலகையும் வந்துவிடும்.

கேரளத்துப் பெரியாறு காட்டில் வேறு விதமாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே திருட்டுத்தனமாகக் காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்து விற்று வந்தவர்களை, 1990-களின் பிற்பகுதியில் வனத்துறையினர் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாற்றினார்கள். ஒளிந்து திரிந்த பாதைகளிலேயே அவர்கள் பிரயாணிகளை அழைத்துச் செல்கிறார்கள்; இரவு ரோந்தும் போகிறார்கள். காட்டை அறிந்தவரே காட்டைக் காட்டுகிறார்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். தங்குமிடம் வேண்டுமானால் காட்டுக்குள் வேண்டாம், கிள்ளையில் இருக்கட்டும், அல்லது சிதம்பரத்திலேயே இருக்கட்டும். பஸ்ஸில் அரை மணி நேரந்தான். கிள்ளையில் ஒரு வீட்டின் அறையில் தங்கி, அவ்வீட்டார் வைக்கும் இறால் குழம்பைச் சாப்பிட்டு, விடியற்காலையில் இருளர் ஒருவர் வழிகாட்டப் படகேறினால் அந்தப் பணம் அந்த ஊரிலேயே நிற்கும். கழிவு நீர் மேட்டு நிலத்தில் தங்கும். பறவைகளும் தூங்கும். சங்கம் வைத்து அம்மக்களே நடத்தினால் இன்னும் நல்லது. கோஸ்டாரிகா குடிலைப்போல் படத்தில் அழகாக இராது என்பதை ஒப்புக்கொள்கிறோம். நம் பள்ளி மாணவியருக்குக் கட்டுப்படியாகும் என்பது அதில் இன்னொரு வசதி. ஓர் இரவுக்குப் பல ஆயிரம் கேட்கும் மரக்குடிலில் நம்மில் எத்தனை பேர் தங்க முடியும் என்று யாரும் வகுப்பில் கேட்கவில்லை.

படகுத்துறையில் இறால் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆயாவிடம், இரவில் அந்தக் காடு எப்படி இருக்கும் என்று ஆவலோடு கேட்டோம். "ராத்திரி அங்க என்னாம்மா இருக்குது? கொசு இருக்குது" என்றார் அவர்.

அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வரும் தங்கைகளுக்கு: நீங்கள் போகும்போது மதிய வெயிலைத் தவிர்த்து, கடலூரிலிருந்து விடியுமுன் புறப்படுங்கள். சாப்பாட்டை எங்களைப்போல் எவர்சில்வர் டப்பாக்களில் எடுத்துச் செல்லுங்கள். பாலிதீன் பை ஒன்றும் வேண்டாம். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகே கேளுங்கள். குறுகலான கால்வாய்களுக்குள் அதுதான் போகும். அந்த ஆயா இருந்தால் இறால் வாங்க மறக்காதீர்கள்.