மெலிய விரும்புவோரும் உயிர்ச்சத்து மாத்திரையும்

உடல் எடையைக் குறைக்க விழைவோரிற் சிலர், ஆகாரத்தைப் பெரிதும் ஒடுக்கி, அதனால் நேரும் குறையை உயிர்ச்சத்து, தாது உப்பு மாத்திரைகளால் ஈடுசெய்யலாமெனக் கருதுகின்றனர். இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. மாத்திரை கொழுப்பைக் கரைப்பதுமில்லை. தசைக்கு வேண்டிய புரதத்தைத் தருவதுமில்லை.

கொச்சியின் மட்டாஞ்சேரி மக்கள் நன்கறிந்த மத்தி மீனை நோக்குக. புரதமும், ‘டி’, ‘பி12’ உயிர்ச்சத்துக்களும் அதில் ஒருங்கே உள்ளன; முள்ளோடு மென்று உண்டால் சுண்ணாம்புச் சத்தும் கிட்டும். அதனை விலக்கி மாத்திரையை நாடுவது, வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதாகும். குறைக்க வேண்டியவை சோற்றின் அளவும், சர்க்கரையும், பொரிக்கும் எண்ணெயுமே.

ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகள், வாரத்திற்கு அரைக் கிலோ எடை குறைவதே தீங்கற்றதென்றும், அன்றாட உணவு 1,000 கலோரிக்குக் குறையலாகாதென்றும் கூறுகின்றன. மாத்திரைகளை அளவின்றி உண்டால், ‘ஏ’, ‘டி’ உயிர்ச்சத்துக்கள் உடலில் தேங்கித் தீங்கிழைக்கும்.

எனினும், மருத்துவர் குறைபாடு கண்டு தரும் மாத்திரை வேறு. கருவுற்ற தாய்மாருக்கும் மாணவருக்கும் அரசு வழங்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகள் இரத்தசோகையைத் தடுப்பவை. மேற்கூறியதைக் காரணங்காட்டி அவற்றை நிறுத்தலாகாது. இவ்வேறுபாட்டைக் களப்பணியாளரும் ஆசிரியரும் மக்களுக்குத் தெளிவாக எடுத்துரைத்தல் வேண்டும்.