கிர்ரின் தீவுக்கு எத்தனை வழி?

எனிட் பிளைட்டனின் 'ஃபேமஸ் ஃபைவ்' படித்து வளர்ந்தவரா நீங்கள்? அப்படியென்றால், ஒருமுறையாவது வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்திருப்பீர்கள்!

1942-ல் வந்த முதல் புத்தகத்தில், தீவுக் கோட்டைக்குக் கீழே நிலவறை. 1943-ல், அங்கிள் குவென்டினின் படிப்பறையிலிருந்து பண்ணை வீட்டு அலமாரிக்கு ஒரு ரகசிய வழி. 1947-ல், கல்குவாரியிலிருந்து கடலுக்கு அடியிலேயே தீவுக்கு ஒரு சுரங்கம். ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? எது எதோடு சேரும் என்று ஆளுக்கொரு தியரி சொல்கிறார்கள். கதையில் வரும் கோட்டை, டார்செட்டில் இருக்கும் கார்ஃப் கோட்டைதான் என்பது அதில் ரொம்பப் பிரபலம். ஆனால், கார்ஃப் இருப்பது தீவில் அல்ல, குன்றின் மேல்!

என் தியரி வேறு. இந்த வழிகளின் வேர் இங்கிலாந்தின் வரலாற்றில் இருக்கிறது. வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கப் பாதிரியார் நாட்டுக்குள் இருந்தாலே தேசத்துரோகம் என்றது 1585-ம் ஆண்டுச் சட்டம். தண்டனை, மரணம். அவர்களை ஒளித்துவைக்க, பெரிய வீடுகளுக்குள் ரகசிய அறைகள் அமைத்தார் நிக்கோலஸ் ஓவன் என்ற தச்சர். 1606-ல் பிடிபட்டு, லண்டன் டவரில் சித்ரவதையில் இறந்தார். ஒளிவிடங்களை மட்டும் காட்டிக்கொடுக்கவே இல்லை.

கதையில், ரகசிய வழியைக் கண்டுபிடிப்பவர் ஹீரோ. நிஜத்தில், கடைசிவரை வாய் திறக்காதவர் ஹீரோ. அடுத்த முறை குட்டீஸோடு கிர்ரின் தீவுக்குப் போகும்போது, ஓவன் கதையையும் சொல்லுங்கள்.