ஆபரேஷன் யாருக்காக?



வெண்புள்ளி தொழுநோய் இல்லை. தொட்டால் ஒட்டாது. தோலுக்கு நிறம் தரும் செல்களை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருகிறது. வெண்குஷ்டம் என்று சொல்லாதீர்கள், வெண்புள்ளி என்று சொல்லுங்கள் என்று தமிழக அரசே சொல்லிவிட்டது. எங்கள் தெருவில் இன்னும் பழைய பேர்தான் ஓடுது.

எங்கள் பெரியப்பா மகள் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போறாங்க. கையிலும் கழுத்திலும் புள்ளி. சித்திரை வெயிலிலும் முழுக்கை சட்டைதான். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டாங்களாம். இப்போ பொண்ணு பார்க்க வந்தவங்க, "ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமாமே, பண்ணிட்டு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காருக்கு பெயின்ட் அடிக்கிற மாதிரி!

ஆபரேஷன் இருப்பது உண்மைதான். தொடையில் கொஞ்சம் தோலை மெல்லிசாக எடுத்து, அதிலுள்ள செல்களைப் பிரித்து ஒரு திரவத்தில் கலக்குகிறார்கள். வெள்ளையான இடத்தில் மேல்தோலைச் சுரண்டி, அதைத் தடவிக் கட்டுப் போடுகிறார்கள். எடுத்த தோலைவிடப் பல மடங்கு இடத்துக்கு இது போதும். 1992-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் இந்த முறையை எழுதினார்கள். நம் நாட்டில் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையிலும் செய்கிறார்கள். நிறம் நன்றாகப் பரவ, 311 நானோமீட்டர் புறஊதா ஒளியை வாரம் இரண்டு, மூன்று தடவை, மாதக்கணக்கில் காட்டுவார்கள். (ஷிப்டுக்குப் போறவங்களுக்கு யார் லீவு தருவாங்க?)

ஆனால் வந்தவங்களுக்குத் தெரியாதது ஒன்று. புள்ளி பரவாமல் ஒரு வருஷமாவது நின்றிருந்தால்தான் டாக்டர் இதைச் செய்வார். பரவும்போது செய்தால் நிறம் பிடிக்காது. காயம் பட்ட இடத்திலேயே புதுப் புள்ளி வரலாம், தோல் எடுத்த தொடையிலும்கூட. விரல் நுனியில் பெரும்பாலும் சரியாகப் பிடிக்காதாம். அக்காவுக்குப் போன தீபாவளிக்கு அப்புறம்தான் மணிக்கட்டில் புதுசா வந்தது. அப்போ எப்படி இப்பவே பண்ண முடியும்?

முதலில் மருந்தும் ஒளி சிகிச்சையும் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கார். அப்புறம் ஆபரேஷன் வேணுமா, வேணாமான்னு அக்காதான் சொல்லணும். இது அவங்க தோல்.

அதுவரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பாங்களா என்று பெரியம்மா கேட்கிறாங்க. காத்திருக்காட்டி போகட்டும் என்பதே என் கருத்து.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி