விடை தெரியாத பரீட்சை

‘கல்லூரி மாணவர்கள் துணைக்கோள் செய்தார்கள்’ என்று பத்திரிகையில் நாலு வரி வந்துவிட்டால் போதும், நம் ஊரில் இரண்டு விதமான ஆசாமிகள் புறப்பட்டு விடுகிறார்கள். ஒருவர், ‘நம் இளைஞன் வானத்தையே வளைத்து விட்டான்!’ என்று மாலை வாங்க ஓடுகிறவர். இன்னொருவர் என் நண்பர், கணக்கு வாத்தியார். “இதெல்லாம் விளையாட்டு சார்! பம்பாய் ஐ.ஐ.டி. பையன்கள் 2007இல் ஆரம்பித்த ‘பிரதம்’ 2016இல்தானே மேலே போயிற்று? பத்துக் கிலோப் பெட்டிக்கு ஒன்பது வருஷமா? இஸ்ரோக்காரர்களிடம் விட்டிருந்தால் சீக்கிரம் முடித்திருப்பார்களே!” என்கிறார்.

மாலைக்காரரைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம். முதலில் நண்பருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான் பட்டம் வாங்காதவன். என் விஞ்ஞானம் பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்தது. அங்கே ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பைக் கணக்கிடுவது ஒரு பரிசோதனை. விடை 9.8 என்பது எங்களுக்கு முன்னமே தெரியும். ஆகையால் 9.8ஐ முதலில் எழுதிக் கொள்வோம்; அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஊசல் எத்தனை விநாடி ஆடியிருக்க வேண்டுமோ அத்தனை விநாடி ஆடியதாக ரெக்கார்டு நோட்டில் எழுதுவோம். ஒரு தடவை எனக்கு நிஜமாகவே 9.3 வந்தது. அப்படியே எழுதிக் காட்டினேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, “பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுடா” என்றார். நூலைத் தப்பாக அளந்தேனா, கடிகாரத்தைத் தப்பாகப் பார்த்தேனா என்று அவரும் கேட்கவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது. நடக்காததை நடந்ததாக எழுத எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி அதுதான்!

இப்போது அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக் கழகத்துக்கு வாருங்கள். அங்கே மாணவர்கள், விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் பக்கத்தில் வைத்துக் கொண்டு, சுமார் 115 கிலோ எடையில் ‘ஸ்னோ’ என்ற துணைக்கோளைச் செய்தார்கள். 1998 பிப்ரவரி 26 அன்று, பறக்கும் விமானத்திலிருந்து விடப்பட்ட ஒரு பெகாசஸ் ராக்கெட் அதை மேலே கொண்டு போயிற்று. நிமிஷத்துக்கு ஐந்து சுற்றுச் சுழன்றபடி, பூமிக்கு மேல் 100 முதல் 200 கிலோமீட்டர் உயரத்தில் நைட்ரிக் ஆக்ஸைடு எவ்வளவு இருக்கிறது என்று அது அளந்தது. கீழே இறங்கி வந்தால் ஓசோனைத் தின்னக்கூடிய வாயு அது. இன்றைக்கு ஓர் அளவு இருக்கும். நாளைக்கு வேறு அளவு. ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது? சூரியனின் மென்மையான எக்ஸ் கதிர்களை அளக்க இன்னொரு கருவியும், துருவ ஒளியைப் பார்க்க மூன்றாவது கருவியும் அதில் இருந்தன. பூமத்திய ரேகைப் பக்கம் அந்த வாயு எக்ஸ் கதிர்களின் ஏற்ற இறக்கத்தோடு ஏறி இறங்குகிறது, துருவங்களின் பக்கம் மேலிருந்து பாயும் எலெக்ட்ரான்களைப் பொறுத்து மாறுகிறது என்பது அதன் அளவுகளிலிருந்து தெரிய வந்தது. ஒரு வருஷம் உழைக்கத் திட்டமிட்ட துணைக்கோள், 2003 டிசம்பரில் காற்று மண்டலத்தில் விழுந்து எரியும் வரை, ஏறக்குறைய ஆறு வருஷம் இருந்தது. அதைத் தரையிலிருந்து இயக்கியவர்களும் மாணவர்களே.

நண்பரே, அங்கே பக்கத்துப் பையனைப் பார்த்து எழுத முடியுமா? அந்த விடை அவனுக்கும் தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது. 9.3 வந்தால் 9.3தான், ஏன் வந்தது என்று தேடித்தான் ஆக வேண்டும்.

ஒன்பது வருஷம் அதிகம்தான், ஒப்புக் கொள்கிறேன். முதலில் கை வைத்தவன் ராக்கெட் கிளம்புவதற்கு வெகு முன்பே பட்டம் வாங்கிப் போயிருப்பான். ஆனால் போகிறவன் தான் செய்ததை, செய்த தப்பு உள்பட, வருகிறவனுக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நம்முடைய ரெக்கார்டு நோட்டும் அடுத்த வருஷத்துப் பையனுக்குப் போகிறது, காப்பியடிக்க! அங்கேயோ, எழுதி வைத்ததை நம்பி அவன் ஒரு கம்பியைப் பற்றவைக்கப் போகிறான். அதில் பொய் எழுத யாருக்குக் கை வரும்?

இனி மாலைக்காரர். ஒரு கல்லூரி ஆண்டு விழாவுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பெயர் வேண்டாம். வாசலிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துணைக்கோள். ‘எம் மாணவர்களின் சாதனை’ என்று பித்தளைத் தகடு. பக்கத்தில் நின்ற பையனிடம், “தம்பி, இதில் நீ செய்தது எது?” என்று கேட்டேன்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். “எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தது சார். நாங்கள் கூட நின்று போட்டோ எடுத்துக் கொண்டோம்.”

“திறந்தாவது பார்த்தாயா?”

“விலை ஜாஸ்தி, தொட்டால் கெட்டுப் போகும் என்றார்கள். சாவி ஆபீஸில் இருக்கிறது சார்.”

உள்ளே எனக்காக மாலை காத்திருந்தது. நான் அந்தப் பையனையும் மேடைக்கு அழைத்துக் கொண்டு போய், இருநூறு பேருக்கு நடுவில் முதல்வரிடம் அந்தச் சாவியைக் கேட்டேன். சிரித்தார். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துக் கொண்டார்.