பக் வீக்காம் பக் வீக்கு!

(டிஸ்கி: கோட்ல வர்ற பக் பத்தின பதிவுன்னு நினைச்சு ஓடி வந்த பொட்டி தட்டும் மக்கள் மன்னிக்க. இது ஆறு காலோட ஊர்ற நிஜப் பூச்சி பத்தின புலம்பல்.)

ரெண்டு வயசுக் குழந்தைக்குப் பூச்சியைப் பத்திச் சொல்லிக் கொடுக்க என்னவெல்லாம் வேணும் தெரியுமா? ஒரு டஜன் ப்ளாஸ்டிக் பூச்சி, பூதக்கண்ணாடி, கலர் அரிசி கொட்டின தட்டு, முட்டை அட்டையில செய்யற கம்பளிப்பூச்சி, அப்புறம் ஃப்ளாஷ் கார்டு. எங்க பொண்ணு போற ப்ளே ஸ்கூல்ல 'பக் வீக்'னு இந்தப் பட்டியலை வாட்ஸப்ல அனுப்பினாங்க. அதே வாரம், அதே போன்ல, அபார்ட்மெண்ட் குரூப்ல இன்னொரு செய்தி: சனிக்கிழமை பூச்சி மருந்து அடிக்கறாங்க, குழந்தைகளைக் கீழே விடாதீங்க.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க சாமிகளா. உயிரோட இருக்கிறதை மருந்தடிச்சுக் கொன்னுட்டு, ப்ளாஸ்டிக்ல காசு குடுத்து வாங்கி, "இதுதாண்டா செல்லம் எறும்பு"ன்னு காட்டறோம். இதுக்குப் பேரு கல்வி!

சரி, அந்தக் கல்வியாவது ஒழுங்கா இருக்கான்னா, அதுவும் இல்ல. அந்தப் பொட்டலத்துல சிலந்தி, தேள், பூரான் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு 'பூச்சிகள்'னு ஒட்டியிருக்கான். பூச்சின்னா ஆறு கால். சிலந்திக்கும் தேளுக்கும் எட்டு. பூரானோட காலை எண்ண ஆரம்பிச்சா ஆபீஸுக்கு லேட் ஆயிடும். 1969ல எரிக் கார்ல் எழுதின பசி பிடிச்ச கம்பளிப்புழு புத்தகம் எங்க வீட்டுலயும் இருக்கு, எனக்கும் பிடிக்கும். ஆனா அந்தப் புழு கேக், ஐஸ்க்ரீம் எல்லாம் தின்னுட்டு, நூல் கூட்டுக்குள்ள போய் வண்ணத்துப்பூச்சியா வெளிய வருது. நூல் கூடு கட்டறது பெரும்பாலும் அந்துப்பூச்சி வகையறா. கதைக்கு அது போதும். ஆனா ஒரு நிஜப் புழுவைக் கூடக் காட்டாம, கதையையே பாடமா வெச்சா எப்படி?

அடுத்தது ஆபத்து. வாயில போடற வயசுக் குழந்தை கையில சுண்டைக்காய் சைஸ் ப்ளாஸ்டிக் வண்டைக் குடுக்கறது தொண்டைக்குள்ள வெச்சு விளையாடற விளையாட்டு. பல பாக்கெட்டுல மூணு வயசுக்கு மேலன்னு சின்னதா போட்டிருக்கும், யாரும் படிக்கறதில்ல. இன்னும் சில பேர் தட்டுல தண்ணியில ஊறிப் பெருக்கிற கலர் ஜெல்லி மணியை வேற போட்டு வைக்கறாங்க. அதை முழுங்கினா வயித்துக்குள்ளயும் பெருத்து குடலை அடைக்கும். அமெரிக்காவோட நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே எச்சரிச்ச சமாச்சாரம் இது. தயவு செஞ்சு தூக்கிப் போடுங்க.

நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன் சொல்றேன், இந்த வியாதி எனக்கு நல்லாத் தெரியும். மெஷினைத் தொடாமலே டயக்ராம் வரைஞ்சு, பாகம் குறிச்சு, மார்க் வாங்கின கூட்டம் நாம. அதே படிப்பை இப்ப ரெண்டு வயசுலயே ஆரம்பிச்சுட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

"ரொம்பப் பேசறியே, வேற வழி என்ன?"ன்னு கேப்பீங்க. பைசா செலவில்லாம மூணு சொல்றேன்.

ஒண்ணு, எறும்பு. சுவரோரமா வரிசை போகுதா? பக்கத்துல கொஞ்சம் அரிசி மாவு, கொஞ்சம் சக்கரை, நாலு பருப்பு வைங்க. எதை முதல்ல தூக்குதுன்னு புள்ளையோட உக்காந்து பாருங்க. அப்புறம் வரிசைக்குக் குறுக்கே ஈரத் துணியால ஒரு தரம் துடைங்க. எறும்பு விட்டுட்டுப் போற வாசனைத் தடம் அழிஞ்சுடும், கொஞ்ச நேரம் கத்திப்பாரா ஜங்ஷன் கணக்கா தவிக்கும், அப்புறம் வழி கண்டுபிடிக்கும். எந்த ஃப்ளாஷ் கார்டு இதைக் காட்டும்?

ரெண்டு, தொட்டியில இருக்கற கருவேப்பிலைச் செடி. இலையில பறவை எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டியிருந்தா துடைக்காதீங்க. அது ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சியோட குட்டிப் புழுவா இருக்கலாம். வளர வளரப் பச்சையாயிடும். தொந்தரவு பண்ணினா தலைக்குப் பின்னாலேர்ந்து செவப்பா ரெண்டு கொம்பு நீட்டி நாத்தம் விடும். முட்டையிலேர்ந்து றெக்கை வரைக்கும் சுமார் ஒரு மாசம். கடையில வாங்கின கருவேப்பிலையை மட்டும் போட்டுடாதீங்க, மருந்தடிச்சிருந்தா புழு செத்துடும். செடி மொட்டையாகும், தங்கமணி திட்டுவாங்க. ரசத்துக்கு ஒரு மாசம் கொத்தமல்லி போட்டுக்கலாம்.

மூணு, கொசு. எல்லா உயிரையும் கொஞ்சுங்கன்னு நான் சொல்ல வரல. பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கற தட்டு, இதுல தேங்கின தண்ணியில நெளியற கொசுப்புழுவைக் காட்டுங்க. லேசாத் தட்டினா அடியில முங்கும், மூச்சுக்கு மேல வரும். பார்த்து முடிச்சதும் புள்ளை கையாலயே காஞ்ச தரையில கொட்ட விடுங்க. விட்டா ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவா பறக்கும். டெங்கு என்னன்னு அதுக்குப் புரியாது. தண்ணி தேங்கினா கொட்டணும்ங்கற பழக்கம் வந்தாப் போதும்.

"கடிச்சா என்ன பண்றது?" நியாயமான கேள்வி. கண்ணால பாரு, கையால தொடாதே. இதுதான் சட்டம். கட்டெறும்பு, குளவி, பூரான், முடி வெச்ச கம்பளிப்பூச்சி எதுவா இருந்தாலும் நாம நடுவுல இருக்கணும். புள்ளையையும் பூச்சியையும் தனியா விட்டுட்டுப் போய் போன் நோண்டறதா இருந்தா, இந்தப் பதிவு உங்களுக்கில்ல.

"எங்க காலத்துல..."ன்னு கொசுவர்த்தி சுத்தப் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. தட்டான் வாலில நூல் கட்டறதும், பொன்வண்டைத் தீப்பெட்டியில அடைக்கறதும் இயற்கைப் பாடம் இல்லீங்ணா. அங்க பூச்சி உயிரோட இருந்துச்சு, சரி. ஆனா அதுவும் பொம்மைதான்.

கடைசியா ஒண்ணு. புதுசா எதையாவது பார்த்தா சின்னக் குழந்தை முதல்ல திரும்பிப் பார்க்கிறது நம்ம மூஞ்சியை. அது எறும்பைக் காட்டுது, நாம "சீ! அடி அதை!"ன்னு கத்தறோம். அந்த ஒரு செகண்ட்ல பாடம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் நீங்க எவ்வளவு காசு குடுத்து எந்த 'பக் வீக்' நடத்தினாலும், புள்ளை மனசுல நிக்கறது நீங்க தூக்கின செருப்புதான்.

வீட்டுல குட்டீஸ் இருக்கற சக பதிவர்களே, கிட்டு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தரம் கருவேப்பிலைச் செடியைத் திருப்பிப் பாருங்க. ஏதாவது மாட்டினா படத்தோட பதிவு போடுங்க. வந்து கும்மியடிக்க நான் ரெடி.