மருத்துவமனை வாசலோடு முடிந்துவிடும் பொறுப்பு

எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பு ஏதுமின்றி, ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை இலவசம் என்று அறிவித்து, ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தை 2024 அக்டோபர் 29 அன்று ஒன்றிய அரசு விரிவுபடுத்தியது. நான்கரைக் கோடிக் குடும்பங்களைச் சேர்ந்த ஆறு கோடி முதியோர் இதனால் பயன்பெறுவர் என்பது அரசு சொல்லும் கணக்கு. அட்டைக்கு ‘வய வந்தனா’ என்று, முதுமைக்குச் செய்யும் வணக்கமாக, சமஸ்கிருதத்தில் பெயரும் சூட்டப்பட்டது. அந்த வணக்கம் எத்தனை நாள் நீடிக்கும் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. திட்டத்தின் விதிகள் சொல்கின்றன. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய மூன்று நாள், வெளிவந்த பிறகு பதினைந்து நாள். மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஆகும் செலவு இந்த எல்லைக்குள் அடங்கினால் உண்டு. பதினாறாம் நாள் முதல் முதியவர் தம் குடும்பத்தின் பொறுப்பு. குடும்பம் இல்லையென்றால் எவருடைய பொறுப்பும் அல்ல.

முதுமையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பொறுத்தவரை, உண்மையான சிகிச்சை அந்தப் பதினாறாம் நாளுக்குப் பின்னரே பெருமளவில் நிகழ்கிறது. மிகப் பரவலான ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். குளியலறையில் வழுக்கியோ, இருட்டில் வாசற்படி இடறியோ விழும் முதியவருக்கு இடுப்பு மூட்டையொட்டித் தொடை எலும்பு முறிகிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பு வலுவிழக்கும் பெண்களுக்கு இது அதிகம். தகடும் திருகும் பொருத்தியோ, மூட்டின் தலைப்பகுதியை மாற்றியோ, ஓரிரு மணி நேரத்தில் அறுவை முடிந்துவிடும். மறுநாளே எழுப்பி நிறுத்த வேண்டும் என்பது இன்றைய மருத்துவ நெறி. ஏனெனில் படுத்த முதியவரின் தசை நாள்தோறும் கரைகிறது. காலில் இரத்தம் உறைகிறது. நுரையீரலில் சளி தேங்கித் தொற்று பிடிக்கிறது. முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வருகிறது. இத்தகைய முறிவுக்கு ஆளானவர்களில் ஓராண்டுக்குள் இறப்போர் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. பிழைத்தவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேரே பழையபடி நடக்கிறார்கள். கத்தியும் திருகாணியும் இதைத் தீர்மானிப்பது கொஞ்சம்தான். அடுத்த ஆறு மாதம் யார் எழுப்பி நடக்க வைத்தார்கள், என்ன உண்ணக் கொடுத்தார்கள், எத்தகைய வீட்டில் கிடந்தார் என்பவையே பெரிதும் தீர்மானிக்கின்றன.

வீட்டைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்றப்பட்டவர்களிடம், குந்தி உட்காராதீர்கள், உயரமான கழிப்பறையைப் பயன்படுத்துங்கள், தரையில் அமராதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். தூய்மை இந்தியா என்ற பெயரில் நாடெங்கும் கட்டப்பட்ட கிராமப்புறக் கழிப்பறைகளோ குந்தி அமரும் வகையைச் சேர்ந்தவை. ஒருவர் திரும்பவே இடமில்லாதவை. வாக்கரோடு உள்ளே நுழைய முடியாது. மண் தரையிலும் மேடுபள்ளமான சந்திலும் வாக்கர் ஊன்றாது. விதர்பாவிலோ பண்டேல்கண்டிலோ விவசாயத் தொழிலாளியாக வாழ்ந்து மூத்த ஒரு பெண்ணுக்கு அந்த அறிவுரைத் தாள் எழுதப்படவில்லை. அவர் கையில் கொடுக்கப்படுகிறது, அவ்வளவே. அதுவும் ஆங்கிலத்தில். அட்டையின் பெயர் ஒரு மொழியில், டிஸ்சார்ஜ் தாள் இன்னொரு மொழியில். நோயாளி பேசும் மொழி இரண்டிலும் இல்லை.

மொழி வெறும் மரியாதைக்குரிய விஷயமன்று. அறுவை முடிந்த முதியவர் சிலர் இரண்டாம் மூன்றாம் நாள் இரவில் பிதற்றத் தொடங்குவதுண்டு. என்றோ இறந்தவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். ஊசிக் குழாயைப் பிடுங்குவார்கள். பெற்ற மகளையே அடையாளம் தெரியாது. மயக்க மருந்து, வலி, தொற்று, உப்புச் சத்துக் குறைவு, தூக்கமின்மை, கழற்றி வைக்கப்பட்ட மூக்குக்கண்ணாடி ஆகிய எல்லாம் சேர்ந்து விளைவிக்கும் குழப்பம் அது. காரணத்தைக் கண்டு சரிசெய்தால் பெரும்பாலும் சில நாளில், சிலருக்குச் சில வாரத்தில் தெளியும். இதை முன்கூட்டியே வீட்டாரிடம் அவர்கள் மொழியில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். சொல்லப்படாத வீடுகளில், புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டி முதியவரை ஒரு மூலையில் ஒதுக்குகிறார்கள். கையைக் கட்டி வைப்பவர்களும் உண்டு. உடலைத் தேற்றுவதற்கும் மனத்தைத் தேற்றுவதற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. நோய் தீர்ந்ததா என்று கேட்பதோடு நில்லாமல் உடம்பு தேறியதா என்றும் கேட்பது ஊர் வழக்கம். அரசின் காப்பீட்டு அகராதியில் முதல் கேள்வி மட்டுமே இருக்கிறது.

இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. காப்பீட்டை அடித்தளமாகக் கொண்ட மருத்துவ முறை நிகழ்வுகளை விலைக்கு வாங்கும். அறுவை ஒரு நிகழ்வு. அதற்கு ஒரு தொகுப்பு விலை உண்டு. அந்தத் தொகை மருத்துவமனையின் கணக்கில், பெரும்பாலும் தனியார் மருத்துவமனையின் கணக்கில், வரவாகும். தேறுதல் நிகழ்வன்று. அது ஆறு மாதம் நீளும் உழைப்பு. அதைத் தொகுப்பாகக் கட்டி விற்க முடியாது. எனவே அது திட்டத்துக்கு வெளியே தள்ளப்படுகிறது. 2017 ஆகஸ்டில் முழங்கால் மாற்று உபகரணங்களுக்கு உச்சவிலை விதிக்கப்பட்டது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமிய வகைக்கு 54,720 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. இடதுசாரிகளும் மக்கள் நல்வாழ்வு இயக்கங்களும் வற்புறுத்திவந்த விலைக் கட்டுப்பாட்டின் திசையில் அது வரவேற்கத்தக்க ஓர் அடிதான். ஆனால் உலோகத்துக்கு உச்சவிலை கண்ட நாட்டில், அந்த உலோகத்தை மடக்கி நீட்டப் பழக்கும் இயன்முறை மருத்துவருக்கு ஏற்பாடில்லை. பெருநகரங்களில் அந்த வெற்றிடத்தைச் சந்தை நிரப்பத் தொடங்கிவிட்டது. அறுவைக்குப் பிந்தைய பராமரிப்பு இல்லங்கள், வீட்டுக்கு வரும் செவிலியர் என நாளுக்குப் பல ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தில் தேறுதல் விற்கப்படுகிறது.

அரசின் காகிதத்தில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. முதியோர் நலத்துக்கான தேசியத் திட்டம் 2010-11இல் தொடங்கப்பட்டது. மாவட்ட மருத்துவமனைதோறும் பத்துப் படுக்கை கொண்ட முதியோர் பிரிவு, இயன்முறை சிகிச்சை, சமூக நல மையங்களில் மறுவாழ்வுப் பிரிவு என்றெல்லாம் அதில் எழுதப்பட்டுள்ளது. கிராமப்புறச் சமூக நல மையங்களில் தேவைப்படும் சிறப்பு மருத்துவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் இல்லை என்பதை அரசின் சொந்தப் புள்ளிவிவரங்களே ஆண்டுதோறும் சொல்லிவரும்போது, மறுவாழ்வுப் பிரிவின் கதி என்னவாக இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. மருத்துவத்துக்கான அரசின் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கொள்கை கூறியது. 2021-22ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கணக்குப்படி அது 1.84 சதவீதம். பெருந்தொற்றுக் காலத்துச் செலவும் சேர்ந்த கணக்கு அது. அந்த ஆண்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்தது.

திருக்குறளின் மருந்து அதிகாரம் முடியும் இடத்தில், மருத்துவம் நான்கு கூறாக வகுக்கப்படுகிறது: நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து பணிவிடை செய்பவர். நான்காமவருக்கு உழைச்செல்வான் என்று பெயர். இன்றைய கொள்கை வகுப்பாளர்கள் இந்த நான்காமவரை முற்றாக மறந்துவிட்டார்கள் என்பதைவிட, அவர் இலவசமாகக் கிடைப்பார் என்று நம்பியிருக்கிறார்கள் என்பதே சரி. அவர் எங்கிருந்து கிடைக்கிறார்? மனைவி, மகள், மருமகள். ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண் ஒருவர் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாக 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு தெரிவித்தது. அந்த ஐந்து மணி நேரத்தின் மேல்தான் படுத்த முதியவரைத் திருப்பிப் படுக்க வைப்பதும், கழுவி விடுவதும், கைதாங்கி நடத்துவதும் ஏறுகின்றன. கூலி வேலைக்குச் செல்லும் பெண்ணாக இருந்தால் கூலி போகிறது. கூலியை விட முடியாதவராக இருந்தால் முதியவர் பகல் முழுவதும் தனியே படுத்திருக்கிறார். மாமியாரைக் கவனிக்காத மருமகள் என்று அக்கம்பக்கம் பேசும். அவருடைய ஒரு நாள் கூலி எவ்வளவு என்று அது கேட்பதில்லை. வசதியுள்ள வீடுகளில் இதே வேலையைச் செய்ய ஜார்க்கண்டிலிருந்தும் வங்கத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் பெண்கள் முகவர்கள் மூலம் நகரங்களுக்கு வருகிறார்கள். வீட்டுப் பணியாளருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

தேறுவதற்குக் காலம் வேண்டும், காலத்துக்குப் பணம் வேண்டும் என்பதைத் தொழிலாளி வர்க்கம் முன்பே அறிந்திருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் மருந்தோடு நிற்கவில்லை. நோயுற்ற தொழிலாளிக்கு ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் என்பது அதன்கீழ் வந்த உரிமை. படுத்திருக்கும் நாளுக்கும் சோறு உண்டு என்ற ஏற்பாடு அது. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட, பதிவான நிறுவனங்களின் தொழிலாளருக்கே அது பொருந்தும். பீடி சுற்றி, கல்லுடைத்து, நாற்று நட்டு முதுமை எய்தியவர்களுக்கு ஓய்வுபெறும் வயது என்று ஒன்று இல்லை. விழுந்த நாள்தான் ஓய்வு நாள். அவர்களுக்கு ஒன்றிய அரசு தரும் முதியோர் ஓய்வூதியப் பங்கு 79 வயது வரை மாதம் 200 ரூபாய், அதன் பின் 500 ரூபாய். மாநிலங்கள் தம் பங்கைக் கூட்டித் தருவதால்தான் அது பேசத்தக்க தொகையாகிறது. வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் 1,000 ரூபாயிலேயே நிற்கிறது. முட்டையும் பாலும் பருப்பும் சேர்த்து உண்ணச் சொல்லும் உணவுத் தாளை இந்தத் தொகைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

பயணம் தனிச் சுமை. வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்க மொழிப் பெயர்ப்பலகைகளும் வங்கச் சாப்பாட்டுக் கடைகளும் மலிந்திருப்பதைக் காண்பவர், கிழக்கிந்தியாவின் பொது மருத்துவம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வேறு அறிக்கை படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அறுவை முடிந்து, தையல் பிரிக்கும் வரை விடுதியில் தங்கி, காட்பாடியில் ரயிலேறி ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து ஹௌரா சேர்ந்து, அங்கிருந்து ஊர் போய், மூன்று மாதத்தில் மீள் பரிசோதனைக்கு மறுபடியும் இதே வழியில் வர வேண்டும். அறுபது வயது கடந்த ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயது கடந்த பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த ரயில் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் பெருந்தொற்றைக் காட்டி நிறுத்திய அரசு, பெருந்தொற்று போன பின்பும் அதைத் திருப்பித் தரவில்லை.

வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஏற்பாடு இத்தனை கோடி மக்களுக்குச் சாத்தியமா என்று கேட்பவர்களுக்கு விடை நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. மருத்துவமனையில் பிறந்து வீடு வரும் குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் ஆஷா ஊழியர் வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும் என்ற அட்டவணை 2011 முதல் தேசிய அளவில் உள்ளது. அந்த ஊழியருக்கு உரிய ஊதியம் தராமல், தொழிலாளி என்ற தகுதியும் தராமல் ஊக்கத்தொகையில் ஒப்பேற்றுவது வேறு வழக்கு. அவர்களுடைய போராட்டம் அதற்காகத்தான். ஆனால் பிறப்புக்குப் பிந்தைய 42 நாளுக்கு அட்டவணை போட முடிந்த நிர்வாகத்தால், அறுவைக்குப் பிந்தைய 90 நாளுக்கு ஒன்று போட முடியாது என்று கூற இயலாது.

கேரளம் அதைவிடக் கூடுதலாகவே செய்துகாட்டியிருக்கிறது. கோழிக்கோட்டிலும் மலப்புறத்திலும் தொண்ணூறுகளில் தன்னார்வலர்கள் தொடங்கிய வலிநிவாரணப் பராமரிப்பை, இடது ஜனநாயக முன்னணி அரசு 2008இல் மாநிலக் கொள்கையாக்கியது; உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் அதைக் கொண்டுவந்தது. பயிற்சி பெற்ற செவிலியர் வீடுதோறும் செல்கிறார். புற்றுநோயாளிகள் மட்டுமன்றி, பக்கவாதத்தாலும் முதுமையாலும் படுக்கையில் கிடப்போரும் அதில் அடங்குவர். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே சென்று இயன்முறை சிகிச்சை அளிக்கும் கூறு உண்டு. அதைச் சுமக்கும் பெண் தன்னார்வலர்கள் குறைந்த தொகையில் வேலை செய்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றிய அரசின் வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் ஏழை முதியோருக்கு ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் தருகிறது. ஆனால் முகாம் போட்டுத் தருகிறது. எலும்பு முறியும் நாளை முகாமின் தேதிக்கு ஒத்திவைக்க யாராலும் முடியாது.

தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் தயாரிக்கும் கோரிக்கைப் பட்டியல்கள் அரசு மருத்துவமனை, மருந்து, மருத்துவர் நியமனம் என்ற அளவில் நின்றுவிடுவது வழக்கம். அறுவைக்குப் பிந்தைய மூன்று மாத வீட்டுச் சிகிச்சை, ஒன்றியம்தோறும் நிரந்தர இயன்முறை மருத்துவர், பராமரிக்கும் உறவினரின் கூலியிழப்புக்கு ஈடு, நோயாளியின் தாய்மொழியில் டிஸ்சார்ஜ் தாள் ஆகியவை அவற்றில் இடம்பெற வேண்டும். இவற்றில் கடைசியானதற்குப் பெரும் நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை.

அரசு செய்யும் வரை காத்திராத வேலைகளும் உள்ளன. மூத்த தோழர் ஒருவர் அறுவைக்குப் போகிறார் என்றால் கிளைகள் நிதி திரட்டுகின்றன, இரத்தம் கொடுக்கின்றன, மருத்துவமனை வராந்தாவில் இரவு முழுவதும் காத்திருக்கின்றன. வீடு திரும்பிய முதல் வாரத்தில் பழங்களோடு கூட்டமாகப் போய்ப் பார்க்கின்றன. நான்காம் வாரத்தில் எவரும் வருவதில்லை. நடைப்பயிற்சிக்குக் கைகொடுக்க ஒருவர் தேவைப்படுவது அப்போதுதான். நாளுக்கு இருமுறை கால் மணி நேரம் ஒருவர் முறைவைத்துப் போனால், மருமகளுக்கு வேலைக்குப் போகவும் முதியவருக்குத் தெருமுனை வரை நடக்கவும் வழி பிறக்கும். கேரளத்துப் பராமரிப்பு அமைப்புகள் நீர்மெத்தை, சக்கர நாற்காலி போன்றவற்றை இரவலாகக் கொடுத்து வாங்குகின்றன. கிளை அலுவலகங்களில் கொடிக்கம்புகளும் தட்டிகளும் சாத்தி வைக்கும் மூலையில் இரண்டு வாக்கர்களுக்கும், நடுவில் துளையிட்ட ஒரு கழிப்பறை நாற்காலிக்கும் இடம் இருக்கும்.