மேற்கோள் பட்டியல் வடிவத்தை ஒழுங்குபடுத்தக் கோரும் மனு

அனுப்புநர்
பகுதிநேர ஆய்வாளர்கள் சங்கத்தினர்,
போச்சம்பள்ளி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
1. அரசுச் செயலாளர், உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.
2. உறுப்பினர் செயலர், தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம், சென்னை.
3. மாவட்ட நூலக அலுவலர், கிருஷ்ணகிரி.

பொருள்: அரசுப் பல்கலைக்கழகங்களும் அவற்றின் ஆய்விதழ்களும் கேட்கும் மேற்கோள் பட்டியல் வடிவம் – முதல் சமர்ப்பிப்பில் தளர்வு, தமிழ்ப் பெயர்களுக்கும் தமிழ்ச் சான்றுகளுக்கும் விதி, போச்சம்பள்ளியில் பயிற்சி – வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் சங்கத்தில் இருப்பவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள். சிப்காட் ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், தனியார் கல்லூரி விரிவுரையாளர்கள். நிலத்தடி நீரில் ஃபுளூரைடு, மாங்கூழ் ஆலைக் கழிவு, நடுகற்கள் என்று இந்த மண்ணைப் பற்றியே ஆராய்கிறோம். ஆய்வில் எழும் சிக்கல்களை நெறியாளரோடு பேசித் தீர்த்துக்கொள்கிறோம். கட்டுரையின் கடைசி நான்கு பக்கங்களில் வரும் மேற்கோள் பட்டியல்தான் எங்களை வாட்டுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் இது விளங்கும். சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928 மார்ச் 31-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை, தொகுதி 121, பக்கம் 501 முதல் 502 வரை. ஏபிஏ முறையில் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்த முதலெழுத்துகள், அடுத்து அடைப்புக்குறிக்குள் ஆண்டு, தொகுதி எண் சாய்வெழுத்தில். வான்கூவர் முறையில் முதலெழுத்துகளுக்குப் புள்ளி கூடாது. ஆண்டு இதழின் பெயருக்குப் பின்னால் போகும். பக்க எண் 501-2 என்று சுருங்கும். ஐஇஇஇ முறையில் முதலெழுத்துகள் பெயருக்கு முன்னால் வரும், தலைப்பு மேற்கோள்குறிக்குள் நிற்கும். மூன்றில் எதைப் பார்த்தாலும் வாசகர் போய்ச் சேரும் பக்கம் ஒன்றுதான். ஆனால் எங்கள் உறுப்பினர் ஒருவரின் ஃபுளூரைடு கட்டுரையை ஓர் ஆய்விதழ், பட்டியல் தன் வடிவத்தில் இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் திருப்பியது. அவர் முழுப் பட்டியலையும் மாற்றி அனுப்பினார். இதழின் ஆய்வு எல்லைக்குள் வரவில்லை என்று மறுபடி திரும்பியது. அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

2019-ல் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஓர் ஆய்வு, 41 நாடுகளைச் சேர்ந்த 372 பேரிடம் வடிவமைப்புக்கு ஆகும் நேரத்தைக் கேட்டது. வடிவமைப்புக்கு மட்டும் ஒரு கட்டுரைக்கு 14 மணி நேரம், ஒருவருக்கு ஆண்டுக்கு 52 மணி நேரம் போகிறது என்பது அதில் கிடைத்த இடைநிலை அளவு. வாரத்துக்கு ஒரு மணிதானே என்று தோன்றலாம். நைட் ஷிஃப்ட் முடித்து வருபவருக்கு அந்த ஒரு மணி தூக்கத்திலிருந்து கழிகிறது. வெளிநாட்டு இதழ்களுக்குத் தாங்கள் உத்தரவிட முடியாது என்பதை அறிவோம். அவற்றில் பல ஏற்கெனவே இறங்கி வந்துவிட்டன. எல்செவியர் பதிப்பகம் தன் இதழ்கள் பலவற்றில் முதல் சமர்ப்பிப்புக்கு எந்த வடிவமும் போதும் என்று சொல்லிப் பத்தாண்டு கடந்துவிட்டது. பிடிவாதம் மிஞ்சியிருப்பது உள்ளூரில்தான். ஆகவே, மாநில அரசுப் பல்கலைக்கழகங்களின் இதழ்கள், முதல் சமர்ப்பிப்பில் சீரான எந்த வடிவத்தையும் ஏற்க வேண்டும். தம் வடிவத்தைக் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகே கேட்க வேண்டும். ஆய்வேடுகளுக்கு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக ஒரே கையேடு வேண்டும்.

அடுத்தது பெயர். மேலே சொன்ன ராமனின் தந்தை சந்திரசேகரன், அண்ணன் சுப்பிரமணியன், அண்ணன் மகன் 1983-ல் நோபல் பெற்ற சந்திரசேகர். அவர் பெயருக்கு முன் நிற்கும் எஸ். என்பது தந்தை சுப்பிரமணியன். ஒரே வீட்டு நால்வருக்கும் பொதுவான குடும்பப் பெயர் கிடையாது. நம் வீடுகளிலும் அப்படித்தான். கடவுச்சீட்டுக்காக இனிஷியலை விரித்து எழுதிய மாணவர், இதழின் படிவத்தில் ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்தில் தந்தையின் பெயரை நிரப்புகிறார். கட்டுரையும் தந்தை பெயரில் ஏறிவிடுகிறது. சந்தூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும், பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு பெரியவர் இன்று நீர்வேதியியல் ஆய்வாளராக மேற்கோள் காட்டப்படுகிறார். சிரிப்புதான், ஆனால் மகனின் பதவி உயர்வுக் கோப்பில் அந்தக் கட்டுரை கணக்கில் வரவில்லை. 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், இந்தியப் பெயர்களை நூற்பட்டியலில் பதிவதற்கென்றே விதிகள் வகுத்தவர். அவர் மாநிலத்தில் இதற்கு ஒரு சுற்றறிக்கை இல்லாதது தகாது. இயற்பெயரே தலைப்பெயர், தந்தை பெயரின் முதலெழுத்து அதன் பின்னால் என்ற விதியை உயர்கல்வி மன்றம் வெளியிட வேண்டும். ஆய்வுப் பதிவின்போதே ஒவ்வொரு மாணவருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண்ணைப் பெற்றுத்தர வேண்டும்.

தமிழ்ச் சான்றுகளின் நிலை இன்னும் மோசம். இம்மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே 9-ல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்த வட்டாரத் தொல்லியலை ஆராய்பவர் தமிழ் நூல்களையும் துறை வெளியீடுகளையும் தொடாமல் எழுத முடியாது. அவற்றைத் தமிழ் எழுத்தில் பட்டியலிட்டால் ‘ஆங்கிலத்தில் தருக’ என்று திருப்புகிறார்கள். ஒலிபெயர்த்தால் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு. 1965 வரை இப்பகுதி சேலம் மாவட்டம், 2004 வரை தருமபுரி மாவட்டம். பழைய நூலின் தலைப்பில் உள்ள மாவட்டப் பெயரையே ‘திருத்தச்’ சொன்ன மதிப்பீட்டாளரும் உண்டு. அச்சிட்ட தலைப்பு அச்சிட்டபடியே, தமிழ் எழுத்திலேயே நிற்கலாம், பக்கத்தில் ஒரே முறையிலான ஒலிபெயர்ப்பு போதும் என்று ஆணையிட வேண்டுகிறோம்.

ஒப்புமைச் சோதனை பற்றியும் ஒரு வார்த்தை. யுஜிசியின் 2018 விதிமுறைகள் மேற்கோள் பட்டியலைக் கணக்கிலிருந்து விலக்கச் சொல்கின்றன. சில இடங்களில் விலக்காமலே அறிக்கை எடுக்கிறார்கள். பட்டியலைப் பிழையின்றி எழுதியவருக்கே ஒப்புமை விழுக்காடு கூடுகிறது. இதற்குப் புது விதி வேண்டாம். இருப்பதை நடைமுறைப்படுத்தினால் போதும்.

வடிவத்தைப் பிடித்துத் தொங்குபவர்கள் சான்று உண்மையா என்று பார்ப்பதில்லை என்பதே எங்கள் பெரிய வருத்தம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், உலகில் இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, பக்கம், டிஓஐ எண் எல்லாம் வைத்து அழகாகப் பட்டியல் போட்டுத் தருகின்றன. காற்புள்ளி சரியாக இருப்பதால் அது கடந்துபோகிறது. அலுவலக நேரத்தை, டிஓஐ எண்கள் திறக்கின்றனவா, திறந்தால் அதே கட்டுரை வருகிறதா என்று பார்ப்பதில் செலவிடச் சொல்லுங்கள்.

மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கு: ஸோட்டெரோ என்ற இலவச மென்பொருள் 2006 முதல் இருக்கிறது. பட்டியலை ஒரு முறை சரியாக உள்ளிட்டால், வடிவம் மாற்றுவது சில சொடுக்குகளில் முடியும். அதை அறியாமல் எங்களில் பலர் ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ‘ரெஃபரன்ஸ் செட்டிங்’ செய்கிறார்கள். போச்சம்பள்ளியில் உள்ள பொது நூலகத்தில் இரண்டு கணினிகளும், மாதம் ஒரு வகுப்பும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சந்தை நாள். சுற்றுவட்டாரமே ஊருக்கு வருவதால் அன்று காலையில் வைத்தால் எல்லோருக்கும் தோதாக இருக்கும். சொல்லிக்கொடுக்க எங்கள் உறுப்பினர்கள் ஊதியமின்றி வரத் தயார்.

அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கைக்கு முன் ஆணை பிறப்பித்து, நகலை எங்களுக்கு அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இவண்,
சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்.

இணைப்பு: ஒரே கட்டுரையின் மேற்கோள் பட்டியல், மூன்று இதழ்கள் கேட்ட மூன்று வடிவங்களில்.